ஐந்தாவது அறை

பீடோங் கடைவரிசையில் என் மோட்டார் பட்டறை.
சுவரில் ஒரு நாள்காட்டி
பதினான்கு மாதமாய் அக்டோபரிலேயே நின்றது.
கிழித்தால் படம் தள்ளிப்போகும் என்று
யாரோ சொன்னார்கள்.
கிழிக்காமலும் தள்ளிப்போனது.
தீபாவளிக்கு என்றார்கள்,
சீனப் பெருநாளுக்கு என்றார்கள்,
அப்புறம் வெறும் ‘விரைவில்’.

சயாமுக்கு ரயில்பாதை போடப் போனவர்களின் பெயர்களை
ஒட்டுப்பால் கணக்கு நோட்டில் எழுதிவைத்த
கிராணி தேவசகாயத்தின் கதை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்.
திரும்பி வந்தவருக்கு நேரே ஒரு புள்ளி.
புள்ளிகளை எண்ண
ரொம்ப நேரம் ஆகாது.

எங்கள் தோட்டத்தில்தான் எடுத்தார்கள்,
பழைய பால் ஸ்டோரில்,
ஆள் இல்லாத மேட்டு லயத்தில்.
ஆளுக்கு எண்பது வெள்ளி, மதியம் பொட்டலச் சோறு.
நான் பெரட்டில் மூன்றாவது வரிசை.
இரும்புக்கடை லிம் கா செங் ஜப்பான் சிப்பாய்.
அவன் என்னை அறைய வேண்டும்.

முதல் அறை தடவியது போல இருந்ததாம்.
இரண்டாவதில் நான் முன்கூட்டியே கண்ணை மூடிவிட்டேன்.
மூன்றாவதில் தலைக்கு மேல் விமானம்.
நான்காவதில் கா செங் அழுதுவிட்டான்.
அவன் தாத்தாவையும் லாரியில் ஏற்றிப்போனார்கள் என்பது
இருபது வருடமாய் அவனிடம் ஆணி வாங்கும் எனக்கு
அன்றைக்குத்தான் தெரியும்.

ஐந்தாவது, ஓகே.

பள்ளிக் கேண்டீன் பவளக்கொடி
தொண்ணூறு கைலிகளைத் தேத்தூளில் வேகவைத்து
எண்பது வருடம் பழசாக்கிக் கொடுத்தாள்.
ஒரு வாரம் அவள் பிசைந்த ரொட்டியில்
அந்த நிறம் இருந்தது.

முதல் காட்சிக்குச் சுங்கைப்பட்டாணி போனோம்,
செல்லத்துரையின் பள்ளி பஸ்ஸில் நாற்பத்தொரு பேர்.
“அதோ அதோ” என்று கத்தி
டார்ச் அடித்து ஒருவன் வந்து அதட்டும்வரை.
என் பிடரி தெரிந்தது. இடது காதும்.
மகள் அந்தக் காதைக் கண்டே கைதட்டினாள்.
கா செங்கின் முகம் மட்டும் திரை முழுக்க.
“பாவிப்பய, நாசமாப் போவான்” என்றாள்
முன்வரிசையில் முன்பின் தெரியாத ஒருத்தி.
அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து
சோளப்பொரியை மெல்லாமல் வாயில் வைத்திருந்தான் அவன்.

முடிந்தும் யாரும் எழவில்லை.
கிராணியின் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயரும் மேலே ஏறிப்போயின.
பிறகு நடிகர்கள்.
ஜப்பான் சிப்பாய், லிம் கா செங்.
பிறகு லைட்டு, ரேடியோ மைக், வாடகைக் குதிரை.
கடைசியில் ஒரே வரி:
தோட்ட மக்களுக்கு நன்றி.
விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

ஒன்பது நாள் ஓடியது.
நான் நான்கு தடவை பார்த்தேன்,
செல்லத்துரை ஆறு என்கிறான், நம்ப முடியாது.

விருது இரவு பட்டறையில்
பேட்டரி மேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்தோம்.
மீ கோரெங் ஆறிக்கொண்டிருந்தது.
சிறந்த நடிகர் போச்சு. இசை போச்சு. படமும் போச்சு.
உடையலங்காரம் கிடைத்தது.
செல்லத்துரை ஹாரன் அடித்து எதிர்வீட்டு நாயை எழுப்பினான்.
மேடையில் அந்தப் பெண் நன்றி சொன்னாள்,
கடவுளுக்கு, கணவருக்கு,
கோலாலம்பூரில் ஒரு லாண்டிரிக்கு.

எல்லோரும் பவளக்கொடியைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தோம்.
“கோப்பை வெள்ளி போலருக்கு,” என்றாள்.
“தொடச்சித் தொடச்சி வெக்கணும். கறுத்துடும்.”

கொஞ்ச நேரம் மீ மட்டும் தின்றோம்.
“பெரட்டுல மொத்தம் எத்தன பேரு நின்னோம்?”
செல்லத்துரைதான் கேட்டான்.
அறுபது என்றேன். அறுபத்து நாலு என்றான் கா செங்,
அவன்தான் எதிரே நின்று பார்த்தவன்.

அக்டோபரைச் சுவரிலிருந்து கழற்றினேன்.
பின்பக்கம் வெள்ளை.
கா செங் ரோட்டைத் தாண்டிப் பேனா எடுக்கப் போனான்.
பாதியில் நின்று திரும்பிக் கத்தினான்:
போன மாசம் செத்த வீராசாமியைச் சேர்த்தா,
சேர்க்காமலா?